கிழங்கு பாதி... வெள்ளி பாதி!

சேலம்னா மாம்பழம், ஸ்டீல், ஏற்காடு. இந்த மூணோட நிறுத்திக்கிற ஆளா நீங்க? அடுத்த லீவுக்கு ஏற்காடு பஸ்ல முண்டியடிக்காம, ஆத்தூர் பஸ்ல ஏறி ஜன்னல் சீட்டைப் பிடிங்க பாஸ். சுமார் 50 கிலோமீட்டர்தான்.

வாழப்பாடி தாண்டினதும் விரிச்ச கை மாதிரி இலையோட வயல் வயலா ஒரு செடி கூடவே வரும். மரவள்ளி! இந்தப் பக்கம் ‘குச்சிக்கிழங்கு’ன்னாதான் புரியும். நடுறது கிழங்கை இல்லை, தண்டை வெட்டின குச்சியை. நடுநடுவே சேகோ பேக்டரிகள். சீசன்ல போனா சிமென்ட் களம் பூரா வெள்ளை வெளேர்னு மாவும் ஜவ்வரிசியும் காயும். வெயில்ல பார்த்தா கண்ணு கூசும்.

இரண்டாம் உலகப்போர்ல வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்னுபோனப்ப சூடு பிடிச்ச தொழில் இது. 1981-ல உற்பத்தியாளர்களுக்காக ‘சேகோசர்வ்’ கூட்டுறவு அமைப்பு வந்தது. 2023-ல சேலம் ஜவ்வரிசிக்கு புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு.

கிழங்கைத் தோல் சீவி, கழுவி, அரைச்சுப் பால் எடுப்பாங்க. அந்தப் பால் தொட்டியில தெளிஞ்சா அடியில தங்குறது ஸ்டார்ச். குலுக்கி உருட்டி, சூடு காட்டினா ஜவ்வரிசி. மிச்ச சக்கைக்குப் பேரு திப்பி. அது மாட்டுத் தீவனத்துக்குப் போயிடும்.

இப்போ ஒரு சின்ன கேள்வி. வீட்டுல ஜவ்வரிசி வடாம் போடும்போது, கூழைத் துணியில மெல்லிசா ஊத்திக் காயவெச்சா என்ன ஆகும்? கண்ணாடி மாதிரி ஒரு தாள் உரிஞ்சு வரும். அதேதான் லேப்லயும்! ஸ்டார்ச், தண்ணி, கொஞ்சம் கிளிசரின். கூழாகிற வரைக்கும் சூடு பண்ணி, தட்டுல ஊத்திக் காயவெச்சா ஃபிலிம் ரெடி. கிளிசரின் போடலைன்னா அப்பளமா நொறுங்கும். போட்டா வளையும்.

தமிழ்நாட்டுல ஒரு தடவை யூஸ் பண்ணித் தூக்கிப்போடுற பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1-ல இருந்து தடை. அதனால இந்தத் தாள் மேல எல்லாருக்கும் ஒரு கண்ணு. ஆனா, சாப்பாட்டைச் சுத்தி வைக்கிற தாளே சாப்பிடுற பொருள்னா, பாக்டீரியாவுக்கு டபுள் விருந்தாச்சே!

அதுக்கும் மருந்து இதே ஊர்லதான் இருக்கு. ரிட்டர்ன் பஸ் பிடிச்சு சேலம் டவுனுக்கு வந்து, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு ரவுண்டு அடிங்க. ஊர் ஊரா பொண்ணுங்க கால்ல சிணுங்குற வெள்ளிக் கொலுசுக்குப் பேர் போன ஏரியா. கம்பி இழுக்கிறது, சலங்கை கோக்கிறது, மெருகு போடுறதுன்னு ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி கை.

வெள்ளியை நைட்ரிக் ஆசிட்ல கரைச்சா சில்வர் நைட்ரேட். கெமிஸ்ட்ரி லேப்ல உங்க விரலைக் கறுப்பாக்குச்சே, அதே ஆசாமி! இதுல வேப்பிலைச் சாறை விட்டா, நிறமில்லாத கரைசல் மெல்ல மஞ்சளாகி, பழுப்பாகும். வெள்ளி நானோ துகளா மாறிட்டதுக்கு அதுதான் சிக்னல். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாப் பிரிச்சா ஒரு நானோமீட்டர். இந்தத் துகள் ஒவ்வொண்ணும் 100 நானோமீட்டருக்குள்ள அடங்கிடும். அதுல இருந்து கசியுற வெள்ளி அயனிகள் பாக்டீரியாவோட மேலுறையைச் சிதைக்கும். உள்ளே இருக்கிற புரதங்களையும் முடக்கிடும். இதை ஸ்டார்ச் கூழ்ல கலந்து ஊத்தினா... கிருமியை எதிர்க்கும் தாவர ஃபிலிம்!

சூப்பர்ல? கைதட்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்.

முதல் சிக்கல், வெள்ளி ஃபிலிமோட நிக்காம சாப்பாட்டுக்குள்ளயும் இறங்கலாம். ஐரோப்பாவுல ஒரு கிலோ உணவுக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல இறங்கக்கூடாதுன்னு வரம்பு வெச்சிருக்காங்க. 2014-ல அமெரிக்காவோட சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு, பதிவு பண்ணாத நானோ வெள்ளி கலந்த உணவு டப்பாக்களை விக்கக்கூடாதுன்னு ஒரு கம்பெனிக்கு உத்தரவே போட்டது. கிருமியைக் கொல்லும்னு சொல்லி வித்தா, அங்கே அது பூச்சிக்கொல்லிக் கணக்குல வந்துடும்.

ரெண்டாவது சிக்கல் இதைவிடப் பெருசு. தாவர ஃபிலிமோட பெருமையே மண்ணுல மக்குறதுதான். மக்க வைக்கிறது யாரு? மண்ணுல இருக்கிற பாக்டீரியாவும் பூஞ்சையும். நாம எதைக் கலந்திருக்கோம்? அதே கூட்டத்தைக் கொல்ற வெள்ளியை! ஸ்டார்ச் மக்கிப் போனாலும் வெள்ளி மக்காது. அது ஒரு உலோகம். ஏதோ ஒரு உருவத்துல மண்ணுலயேதான் கிடக்கும். அளவு கூடினா மண்ணோட உயிருக்கே ஆபத்து. குறைஞ்சா சாப்பாட்டைக் காப்பாத்தாது. அந்த நடு அளவைக் கண்டுபிடிக்கிறதுலதான் மொத்த ஆட்டமும் இருக்கு.

பயோடெக், ஃபுட் டெக், கெமிஸ்ட்ரி மக்களே... ஃபைனல் இயர்ல இதையே ப்ராஜெக்ட்டா எடுக்கிறவங்க நிறையப் பேர். பெட்ரி தட்டுல ஃபிலிமைச் சுத்தி பாக்டீரியா வளராத வட்டம் விழுந்ததும், ஸ்கேல் வெச்சு அளந்து, போட்டோ எடுத்து, பைண்டிங்குக்குக் கொடுத்துடுறாங்க. நீங்க இன்னும் ரெண்டு வேலை சேர்த்துப் பண்ணுங்க. ஃபிலிமைத் தண்ணியில ஊறவெச்சு எவ்வளவு வெள்ளி இறங்குதுன்னு பாருங்க. அப்புறம் வெள்ளி போட்டது ஒண்ணு, போடாதது ஒண்ணு, ரெண்டையும் ஒரே தோட்டத்து மண்ணுல புதைச்சு, வாரா வாரம் தோண்டி எடை போடுங்க.

வட்டம் எத்தனை மில்லிமீட்டர்னு எல்லாரும் சொல்வாங்க. மண்ணு என்ன சொல்லுச்சுன்னு நீங்க சொல்லுங்க!