சம்பளமில்லாத நிமிடங்கள்

கடலட்டைக்குச் சுழியோடுகிற ஒருவருக்குக் கால் விழுந்துபோனால் ஊரில் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: காசாசை. "போதும் எண்டு ஏறியிருந்தா இது வந்திருக்காது." "ஆழத்துக்குப் போகாத எண்டு சொன்னா இவங்கள் கேக்கிறாங்களே." இப்படிச் சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. பல நேரங்களில் பாதிக்கப்பட்டவரின் சொந்தத் தாயே அப்படித்தான் சொல்லுவா. ஆனாலும் அந்த விளக்கம் பிழை என்று நாங்கள் நினைக்கிறோம். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

நாங்கள் என்றால், கலைப்பீடத்தில் மூன்றாம் வருடம் படிக்கிற நாலு பேர். சாதாரண தரத்தோடு விஞ்ஞானத்துக்குக் கும்பிடு போட்டவர்கள். எங்களில் ஒருத்தியின் ஊர் மன்னார்ப் பக்கம், கடற்கரைக் கிராமம். அவளுடைய தம்பி உயர்தரப் பரீட்சை எழுதிப்போட்டு, "பெறுபேறு வரும்வரைக்கும் சும்மா இருந்து என்ன செய்யிறது?" என்று மாமா முறையான ஒருவரோடு சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்கப் பழகினான். அன்றிலிருந்து அவளுக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. தேர்வுக்காலத்தில்கூட இப்படித் தேடிப் படித்திராத நாங்கள், தண்ணிக்குக் கீழே மனிதனின் உடம்புக்கு என்ன நடக்கிறது என்று படிக்கத் தொடங்கினோம்.

விளங்கிக்கொண்டதை எங்கட மொழியிலேயே சொல்கிறோம். தரையில் எங்கள் மேல் இருப்பது ஒரு வளிமண்டல அமுக்கம். கடலில் ஒவ்வொரு 10 மீற்றர் இறங்கும்போதும் இன்னொரு வளிமண்டல அமுக்கம் அதோடு சேரும். 20 மீற்றரில் மூன்று மடங்கு, 30 மீற்றரில் நாலு மடங்கு. சிலிண்டரில் இருந்து வருகிற காற்றையும் அந்த அமுக்கத்திலேதான் சுவாசிக்க வேண்டும். காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைதரசன். அமுக்கம் கூடக்கூட அது இரத்தத்திலும் கொழுப்பிலும் நரம்பிலும் கூடுதலாகக் கரையும். கீழே நிற்கும்வரை ஒன்றும் தெரியாது. மேலே வரும்போதுதான் வில்லங்கம். மெல்ல வந்தால் கரைந்த நைதரசன் நுரையீரல் வழியாக வெளியேறும். கெதியாக வந்தால், சோடாப் போத்தலின் மூடியைத் திறந்த மாதிரி உடம்புக்குள்ளேயே குமிழிகள் கிளம்பும். மூட்டில் கிளம்பினால் தாங்கமுடியாத நோ. முள்ளந்தண்டு நரம்பில் கிளம்பினால் கால் விறைக்கும், சலம் போகாது, சில பேருக்கு நடை திரும்பி வரவே வராது.

இது ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்த விசயம் இல்லை. நைதரசன்தான் காரணம் என்று போல் பேர்ட் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1878இலேயே எழுதிவிட்டார். பிரித்தானியக் கடற்படைக்காக ஜோன் ஸ்கொட் ஹோல்டேனும் அவருடைய சகாக்களும் ஆடுகளை அமுக்க அறைக்குள் விட்டுப் பரிசோதித்து, எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் நின்றவர் எந்த எந்த ஆழத்தில் தரித்துத் தரித்து மேலே வரவேண்டும் என்ற அட்டவணையை 1908இல் வெளியிட்டார்கள். இன்றைக்கு உலகத்தில் பாவிக்கிற அட்டவணைகளுக்கெல்லாம் மூத்தது அதுதான்.

அந்த அட்டவணைகளைப் பார்த்தபோது எங்களுக்கு ஒரு விசயம் பிடிபட்டது. 20 மீற்றர் ஆழத்தில் சுமார் முக்கால் மணித்தியாலம் நிற்கும் ஒருவர், நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேற்படாத வேகத்தில் ஏறினால், இடையில் நீண்ட நேரம் தரிக்காமலே மேலே வரலாம். அந்த ஆழத்தில் வேலை செய்கிறவருக்கு ஒரு சிலிண்டர் பெரும்பாலும் அவ்வளவு நேரத்துக்குக் காணாது. அதாவது, முதல் சிலிண்டர் தானாகவே முடிந்து ஆளைக் காப்பாற்றிவிடும். பிரச்சினை இரண்டாவதிலும் மூன்றாவதிலும் இருக்கிறது. முதல் இறக்கத்தில் கரைந்த நைதரசன் முழுதாக வெளியேற மணித்தியாலக் கணக்கில் எடுக்கும். அதற்குள் அடுத்த சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கினால் பழைய கடனோடு புதிய கடனும் சேரும். ஆகவே பாதுகாப்பு நடைமுறை என்று தடித்த புத்தகங்களில் எழுதியிருப்பதில் பெரும்பகுதி ஒரே சொல்லில் அடங்கிவிடும்: பொறு. ஏறும்போது பொறு, இடையில் பொறு, ஏறியபிறகும் படகில் பொறு.

இந்தப் பொறுக்கிற நேரத்துக்கு ஆர் காசு தாறது? எல்லாம் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறது.

தோழியின் ஊரில் ஒரு அண்ணையைச் சந்தித்தோம். பத்து வருடத்துக்கு மேல் அட்டைக்கும் சங்குக்கும் இறங்கினவர். இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார். வாசலில் கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணி தந்து, நிதானமாகக் கதைத்தார். "ஒரு நாளைக்கு அஞ்சு சிலிண்டர் மட்டும் இறங்கியிருக்கிறன் தங்கச்சி. முந்திக் கரைக்குக் கிட்ட கிடந்த அட்டை இப்ப இல்லை. ஆழத்துக்குத்தான் போகோணும். போட்டுக்கு எண்ணெய், சிலிண்டர் அடிக்கிற காசு, சம்மாட்டிக்கு ஒரு பங்கு, எல்லாம் கழிச்சு மிச்சம்தான் எங்களுக்கு. ஒரு அட்டைக்கு இவ்வளவு எண்டுதான் கணக்கு. போட்டில குந்தியிருக்கிற நேரத்துக்கு ஒரு சதமும் இல்லை."

முழங்கால் நோ வந்த நாட்களில் என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். "எண்ணெய் பூசித் தேய்ச்சுப்போட்டுப் படுக்கிறது. இல்லாட்டி திரும்ப ஒருக்கா இறங்கினா நோ குறையும்." இதைக் கேட்டபோது எங்களுக்கு நெஞ்சு பதறியது. அவர் சொன்னது பொய்யில்லை. திரும்ப ஆழத்துக்குப் போனால் அமுக்கத்தில் குமிழி சுருங்கும், நோவும் குறையும். ஆனால் அங்கேயும் சுவாசிப்பது அதே நைதரசனைத்தான். மறுபடி ஏறும்போது முந்தியதைவிட மோசமாகலாம். வைத்தியசாலையின் அமுக்க அறையில் ஒட்சிசன் கொடுத்து, கணக்குப் பார்த்து, மணித்தியாலக்கணக்காகச் செய்வதை இவர்கள் கடலுக்குள் தனியாக, கணக்கில்லாமல் செய்து பார்க்கிறார்கள். அந்த அறை இருக்கும் திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்கு மன்னாரிலிருந்து போகவேண்டும் என்றால் வவுனியாவுக்கு வந்து, அங்கிருந்து ஹொறவப்பொத்தானை வழியாகப் போகவேண்டும். கால் விறைத்த ஒருவரை முதலில் ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றி, அதன் பிறகுதான் அந்தப் பயணம். அனுமதிப்பத்திரம் இல்லாமலோ இரவிலோ இறங்கியவர் என்றால் பிடிபடுகிற பயத்தில் முதலாவது வாசலுக்கே வரமாட்டார்.

அந்த அண்ணையைப் பார்த்துக் காசாசை என்று சொல்ல எங்களுக்கு நா எழவில்லை. ஏனென்றால் எங்கெல்லாம் பொறுக்கிற நேரத்துக்குக் காசு இருக்கிறதோ அங்கெல்லாம் மனிதர்கள் பொறுத்திருக்கிறார்கள்.

"லாஸ்ட் பிரெத்" என்ற படத்தை உங்களில் சிலபேர் பார்த்திருப்பீர்கள். 2019இல் ஆவணப்படமாகவும் 2025இல் கதைப்படமாகவும் வந்தது. 2012 செப்ரெம்பரில் வடகடலின் அடியில், 90 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் வேலை செய்துகொண்டிருந்த கிறிஸ் லெமன்ஸ் என்ற சுழியோடியின் உண்மைக்கதை. கப்பலை ஓரிடத்தில் நிறுத்தி வைத்திருக்கும் கணினி பழுதாகி, கப்பல் இழுபட்டு, அவருக்குக் காற்றும் சூடும் வெளிச்சமும் கொண்டுபோன குழாய் அறுந்துபோனது. முதுகில் இருந்த மேலதிக வாயு சுமார் ஐந்து நிமிடத்துக்குத்தான். சுமார் அரை மணித்தியாலத்துக்குப் பிறகு கூட்டாளி டேவ் யுவாசா போய்த் தூக்கிவந்தார். ஆள் பிழைத்துக்கொண்டார்.

எல்லாரும் அதை அதிசயம் என்கிறார்கள். நாங்கள் விடுதியில் ஒரு மடிக்கணினியைச் சுற்றி இருந்து பார்த்தபோது எங்களுக்குத் தெரிந்தது வேறு. அங்கே தேடிப்போக ஒரு கூட்டாளி இருந்தார். மணிக்கூண்டு போன்ற கூட்டுக்குள் மூன்றாவது ஆள் காத்துக்கொண்டிருந்தார். கப்பலில் ஒருவர் நிமிடத்துக்கு நிமிடம் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார். வேலை முடிந்ததும் அந்தச் சுழியோடிகள் கப்பலில் இருக்கும் அமுக்க அறைக்குள் நாட்கணக்காக இருந்துதான் வெளியே வருவார்கள். அறைக்குள் சும்மா படுத்திருக்கிற அந்த நாட்களுக்கும் அவர்களுக்குச் சம்பளம் உண்டு.

அதற்காக வெள்ளைக்காரர்கள் பிறவியிலேயே கவனமானவர்கள் என்று நினைக்க வேண்டாம். நோர்வேயின் எண்ணெய்க் கடலில் ஆரம்பகாலத்தில் வேலை செய்த சுழியோடிகள் பலர் நரம்பும் மூளையும் நுரையீரலும் பாதிக்கப்பட்டு இளைப்பாறினார்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு கொம்பனியும் தன்னுடைய அட்டவணையை வியாபார இரகசியமாக வைத்திருந்தது. கெதியாக மேலே கொண்டுவரும் அட்டவணை வைத்திருக்கும் கொம்பனிக்குச் செலவு குறைவு, ஒப்பந்தம் கிடைக்கவும் வசதி. சுழியோடிகள் வழக்குப் போட்டார்கள். 2013 டிசெம்பரில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், அந்த அட்டவணைகளின் ஆபத்தை மதிப்பிடத் தேவையான தகவல் சுழியோடிகளுக்குக் கிடைப்பதை நோர்வே அரசு உறுதிசெய்யத் தவறியது என்று தீர்ப்பளித்தது. பணக்கார நாட்டிலும் முதலில் களவு போனது நிமிடங்கள்தான். அங்கே அதைக் கேட்கச் சங்கமும் சட்டத்தரணியும் நீதிமன்றமும் இருந்தன.

எங்கள் கடலிலும் பொறுக்கும் நேரத்துக்கு ஒரு ஏற்பாடு இருந்தது. அரிப்புக் கரையில் பிரித்தானியர் காலத்தில் நடந்த முத்துக்குளிப்பில், காலில் கல்லோடு மூச்சடக்கி இறங்கினவர்கள் இரண்டு பேராகச் சோடி சேர்ந்தே வேலை செய்தார்கள். ஒரு கல்லுக்கு இரண்டு பேர், மாறி மாறி. ஒருவர் கீழே இருக்க மற்றவர் மேலே ஆறுவார். கயிற்றைப் பிடித்திருப்பவர் மச்சான் முறையாக இருக்கவேண்டும் என்று சொல்லுவார்கள். தங்கச்சி தாலியறுக்க ஆர் விடுவான்? அந்தத் தொழிலிலும் சுரண்டல் இருந்தது, சாவு இருந்தது. அந்தக் காலம் பொற்காலம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ஆறுகிற நேரம் வேலையின் ஒரு பகுதியாகவே இருந்தது. சிலிண்டர் வந்தபிறகு கயிறும் போய்விட்டது, ஆறுகிற நேரமும் போய்விட்டது.

இப்போதும் பேப்பரில் அடிக்கடி வரும்: அனுமதியின்றிக் கடலட்டை பிடித்த இத்தனை பேர் கைது, இத்தனை அட்டைகள், இத்தனை சிலிண்டர்கள் பறிமுதல். அட்டையையும் சிலிண்டரையும் எண்ணுகிற அந்தச் செய்திகளில், ஆள் எத்தனை மீற்றரில் எத்தனை நிமிடம் நின்றார் என்ற கணக்கு வராது. அந்த அட்டையை இங்கே ஆரும் சாப்பிடுவதுமில்லை. அவித்துக் காயவைத்து ஹொங்கொங்குக்கும் சீனாவுக்கும் போகிறது. அவ்வளவு தூரம் போகிற விலையில் இரண்டு சிலிண்டருக்கு இடையில் குந்தியிருக்கும் நேரத்துக்கான கூலி அடங்காதா? படகில் ஒரு ஒட்சிசன் சிலிண்டர் வைக்க அடங்காதா? அனுமதிப்பத்திரம் கொடுக்கும்போது நாள்கூலியையும் இறங்கும் தடவைகளையும் நிபந்தனையாகப் போட்டால், அட்டைக்கும் நல்லது, ஆளுக்கும் நல்லது. விறைப்போடு வருகிறவரிடம் பத்திரம் கேட்கமுதல் வைத்தியம் பார்ப்போம் என்று ஊரறியச் சொன்னால், பயந்து ஒளிக்கிறவர் வெளியே வருவார்.

எங்கள் தோழி ஒரு மட்டையில் ஆழம், நேரம், பொறுக்கவேண்டிய அளவு எல்லாம் தமிழில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டுத் தம்பியிடம் கொடுத்தாள். அவன் வடிவாக வாசித்தான். விளங்காமல் இல்லை, கணிதப்பிரிவில் படித்த பெடியன். "எல்லாம் சரி அக்கா. ஆனா நான் ரெண்டு மணித்தியாலம் மேல இருந்தா, மற்றவங்களும் எனக்காக நிக்கோணும். நாளைக்கு என்னை ஏத்தமாட்டாங்கள்" என்றான். அவளால் பதில் சொல்ல முடியவில்லை. எங்களாலும் முடியவில்லை. அவனுக்கு அறிவு போதாமல் இல்லை. அவன் ஒருவனால் தீர்க்கக்கூடிய விசயமும் இல்லை.

அவன் இன்னமும் போகிறான். பெறுபேறு இன்னும் வரவில்லை. மாமாவோடு பலதடவை கதைத்ததில், பெடியனுக்கு ஒரு நாளைக்கு இரண்டு சிலிண்டருக்கு மேல் இல்லை என்று அவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். எழுத்தில் இல்லை, வாய்ச்சொல்தான். பின்னேரங்களில் அவள் தொலைபேசி எடுக்கும்போது "இண்டைக்கு எவ்வளவு அட்டை?" என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். எத்தனை சிலிண்டர், இடையில் எவ்வளவு நேரம், கை கால் விறைக்குதா, சலம் போகுதா என்றுதான் கேட்கிறாள்.

உங்கள் வீட்டிலும் ஆராவது இறங்குகிறவர்கள் இருந்தால் இதையே கேளுங்கள். கை கால் விறைத்தாலோ சலம் போகாவிட்டாலோ எண்ணெய் பூச விடவேண்டாம், திரும்ப இறங்கவும் விடவேண்டாம். படுக்கவைத்து, ஒட்சிசன் கிடைக்கும் ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோங்கள். போனவுடன் முதல் வேலையாக "இவர் சிலிண்டரோடு சுழியோடினவர்" என்று வைத்தியரிடம் சொல்லுங்கள்.