கல்லுப்பட்டி அம்மாக்கள்

வத்தலக்குண்டைத் தாண்டிப் பெரியகுளம் சாலையில் போனால் கொடைக்கானல் மலை வலப்பக்கமாகக் கூடவே வருகிறது. மதுரையிலிருந்து வாடிப்பட்டி வயல்களையும் நிலக்கோட்டை மல்லிகைத் தோட்டங்களையும் கடந்து வந்தால், சமவெளி முடிந்து மலை தொடங்கும் அந்த ஓரத்தில் ஜி. கல்லுப்பட்டி. பிரதர் ஜேம்ஸ் கிம்ப்டன் 1974-இல் தொடங்கிய ‘ரீச்சிங் தி அன்ரீச்டு’ என்ற தொண்டு நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, ஆர்.டி.யு என்றால் போதும்.

கிம்ப்டன் தெலசால் சபைத் துறவி. பிரிட்டனில் பிறந்து 1952-இல் இலங்கைக்கு வந்தவர். 1964-இல் அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. மதுரைக்கு வந்து ஆண் பிள்ளைகளுக்காக பாய்ஸ் டவுன் தொடங்கினார். பத்தாண்டு கழித்து இந்தக் கிராமத்துக்கு வந்தார். 2017-இல் 92-ஆம் வயதில் காலமாகும்வரை இந்த வட்டாரத்தை விட்டுப் போகவில்லை.

ஆதரவற்றோர் விடுதி என்றால் நீளமான கூடம், சுவரோரம் வரிசையாக டிரங்குப் பெட்டி, மணி அடித்தால் தட்டோடு எழுந்து நிற்கும் பிள்ளைகள் என்றுதான் மனதில் வரும். இங்கே அப்படி இல்லை. தனித்தனி வீடுகள். வீட்டுக்கு ஓர் அம்மா. கணவனை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள். வீடில்லாத பிள்ளைகளையும் போக்கிடமில்லாத பெண்களையும் ஒரே கூரையின் கீழ் சேர்த்துவிட்டார் பிரதர்.

“வாங்க சார், உள்ள வாங்க” என்று ஓர் அம்மா கூப்பிட்டார். அடுப்பில் புளிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஒன்பது பேருக்கான குழம்புச் சட்டிதான், அண்டா அல்ல. கரண்டியில் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தவர், பக்கத்தில் நின்ற சிறுமியின் கையிலும் ஒரு சொட்டு விட்டார். “உப்பு போதுமாடி?” “இன்னும் கொஞ்சம் போடும்மா.” போட்டார். நான் அங்கே பார்த்தவற்றில் மிக முக்கியமானது இதுதான். இருநூறு பேருக்கு மொத்தமாகச் சமைக்கிற இடத்தில், உப்பு போதுமா என்று எந்தப் பிள்ளையையும் யாரும் கேட்பதில்லை.

பிள்ளைகளின் பெயரைக் கேட்கவில்லை, படமும் எடுக்கவில்லை. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு இந்தப் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடை செய்கிறது. பிறந்தநாள் கேக்கோடு வந்து, விடுதிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்துப் போடுகிறவர்களுக்கு இது தெரிந்தால் நல்லது.

இந்த வீட்டு முறைக்கு உலகத்திலும் துணை உண்டு. ஆஸ்திரியாவில் ஹெர்மன் க்மைனர் 1949-இல் தொடங்கிய எஸ்.ஓ.எஸ். கிராமங்களும் அம்மா ஒருவர், சில பிள்ளைகள், ஒரு வீடு என்றே அமைந்தவை. ருமேனியாவில் 2000-இல் தொடங்கிய ஆய்வு ஒன்றில் விடுதிக் குழந்தைகளில் ஒரு பாதியினரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். விடுதியிலேயே இருந்தவர்களைவிட இவர்களின் அறிவு வளர்ச்சி மேம்பட்டது. இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போனவர்களே அதிகம் பயனடைந்தார்கள்.

அப்படியானால் எல்லோரும் ஏன் இப்படி நடத்தவில்லை? ஆள் செலவுதான் காரணம். மதுரை நகரத்தில் சிறிய இல்லம் நடத்துகிற யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குப் போட்டி போட்டு ஆள் வருகிறது. திருமண நாள், திதி, பிறந்தநாள் என்று சாப்பாடு குவிகிறது. மாதக் கடைசியில் வார்டனுக்குச் சம்பளம் கொடுக்கத்தான் பணம் இல்லை. சம்பளம் குறைந்தால் வார்டன் போய்விடுவார். வருஷத்துக்கு மூன்று பேர் மாறினால், ஏற்கெனவே ஒருமுறை பெற்றவர்களை இழந்த பிள்ளை திரும்பத் திரும்ப இழக்கிறது. அன்னதானம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஓர் அம்மாவின் ஒரு மாதச் சம்பளத்தை ஏற்பது அதைவிடப் பெரிய தர்மம் என்று உறுதியாக நம்புகிறேன்.

வெளிநாட்டு நிதியை நம்பியிருந்த சிறிய இல்லங்களுக்கு 2020-இல் இன்னொரு அடி விழுந்தது. அந்த ஆண்டு வந்த வெளிநாட்டு நிதிச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒரு நிறுவனம் தான் பெற்ற வெளிநாட்டுப் பணத்தை வேறு நிறுவனத்துக்குக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது.

ஆர்.டி.யு பள்ளிக்கும் போனேன். சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகளும் இங்கேதான் படிக்கிறார்கள். யார் வீட்டுப் பிள்ளை, யார் ‘ஹோம்’ பிள்ளை என்று வகுப்பறையில் தெரியவில்லை. பள்ளிக்குள் நுழைந்ததும் என் கண் கூரைக்குத்தான் போகும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கீற்றுக்கொட்டகைத் தீயில் 94 பிள்ளைகள் கருகியதிலிருந்து வந்த பழக்கம் அது. கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று என்று அலைய வேண்டியிருக்கிறதே என்று சின்னப் பள்ளி நடத்துகிறவர்கள் வருந்துவார்கள். அலைச்சல் உண்மைதான். ஆனாலும் இதில் இம்மியும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

இல்லங்களுக்கான பதிவும் அப்படித்தான். கொரோனாவில் இறந்ததாகப் பொய் ஆவணம் காட்டிக் குழந்தைகளை விற்ற காப்பகம் ஒன்று 2021-இல் மதுரையிலேயே பிடிபட்டது. குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவில்லாமல் ஒரு பிள்ளையைக்கூடச் சேர்த்துக்கொள்ளாத இல்லத்துக்கு மட்டுமே நாம் பணம் கொடுக்க வேண்டும்.

18 வயதானதும் பிள்ளைகள் என்ன ஆவார்கள்? 21 வரை பின்கவனிப்பு உண்டு என்கிறது சட்டம். அதற்குப் பிறகு? குழம்பு வைத்த அம்மாவிடமே கேட்டேன். “எங்க போகும் சார்? வேலைக்குப் போனதுக தீபாவளிக்கு இங்கதான் வரும். பெரிய மகளுக்குத் தலைப்பிரசவமே நாந்தான் பாத்தேன்.”

இப்போது அவருடைய கவலை வேறு. வயதாகிவிட்டது, அடுத்து யார்? “முன்னாடி மாதிரி பொம்பளைக வர்றதில்ல. மில்லு வேலைக்குப் போனா எட்டு மணி நேரம் பாத்துட்டு வீட்டுக்குப் போயிரலாம். இங்க ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல்னா முழிச்சுத்தான கெடக்கணும்?” புதிதாக வந்திருக்கும் ஓர் இளம்பெண் அவரிடம் வேலை பழகுகிறார். நான் கிளம்பும்போது அந்தப் பெண் யார் யாருக்கு என்ன மருந்து சேராது என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.