மாத்திரையும் கைகொடுக்காதபோது... ஒரு தம்பதி சேர்ந்து எடுத்த முடிவு!

அவருக்கு வயது 54. ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். 16 வருடங்களாகச் சர்க்கரைநோய். கடையில் நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசும் மனிதர், வீட்டுக்கு வந்தால் மட்டும் அமைதியாகிவிடுவார். சாப்பிட்டதும் ஹாலில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வார். 'இடுப்பு வலி, தரையில படுத்தாதான் தூக்கம் வருது' என்பது அவர் சொன்ன காரணம். இரண்டு வருடங்கள் இப்படியே ஓடின.

மனைவி அதை நம்பவில்லை. 'நம்மைப் பிடிக்காமப் போயிடுச்சோ' என்று ஒரு நாள் நினைப்பார்; 'வேற யாராவது இருக்காங்களோ' என்று இன்னொரு நாள். வாய்விட்டுக் கேட்கக் கூச்சம்.

உண்மையில், அவருக்கு இருந்தது விறைப்புத்தன்மைக் குறைபாடு. சுவரொட்டியில் பார்த்த நம்பருக்கு போன் செய்து, லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்ப்பவரிடம் ரகசியமாகப் போய்வந்தார். லேகியம், சூரணம் என்று 40,000 ரூபாய் கரைந்ததுதான் மிச்சம்.

வழக்கமான சுகர் செக்கப்புக்கு மனைவியுடன் போனபோது, "தாம்பத்யத்துல ஏதாவது பிரச்னை இருக்கா சார்?" என்று டாக்டர் சாதாரணமாகக் கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். மனைவிக்குப் புரிந்துவிட்டது.

"இதைச் சொல்ல ரெண்டு வருஷமாங்க? நான் என்னென்னமோ நினைச்சு அழுதுட்டிருந்தேன்" என்றார், வெளியே வந்ததும்.

ஏன் ஏற்படுகிறது?

ஆணுறுப்பில் ரத்தம் நிரம்பித் தங்குவதால்தான் விறைப்பு ஏற்படுகிறது. நீண்டநாள் சர்க்கரை, அந்த ரத்தக்குழாய்களையும் நரம்புகளையும் பாதிக்கும். இதயத்தின் ரத்தக்குழாய்களைவிட இவை சன்னமானவை என்பதால், அடைப்பின் அறிகுறி இங்கே முதலில் தெரியலாம். அதனால்தான் அவருக்கு முதலில் இதயப் பரிசோதனை செய்தார்கள்.

பிறகு மாத்திரை. 1998-ல் அறிமுகமான சில்டெனாஃபில் பலருக்குக் கைகொடுக்கிறது. ஆனால், நெஞ்சுவலிக்காக நைட்ரேட் மருந்து எடுப்பவர்கள் அதைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். இவருக்கு நைட்ரேட் இல்லை. ஆனால், மாத்திரை பலன் தரவில்லை. ஊசியும் ஒத்துவரவில்லை. அதன் பிறகுதான் யூராலஜிஸ்ட், 'இம்பிளான்ட்' பற்றிப் பேசினார்.

உள்ளே என்ன வைக்கிறார்கள்?

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பம்ப் வகை. 1973-ல் அமெரிக்க மருத்துவர் பிரான்ட்லி ஸ்காட் குழுவினர் அறிமுகப்படுத்தியது. உறுப்புக்குள் இரண்டு குழாய்கள், விதைப்பையில் சிறு பம்ப், அடிவயிற்றில் உப்புநீர்ப் பை. பம்ப்பை அழுத்தினால் நீர் குழாய்களில் நிரம்பும். பிறகு திரும்ப அனுப்பிவிடலாம். வெளியே எதுவும் தெரியாது. இறக்குமதிக் கருவி என்பதால், செலவு சில லட்சங்கள் ஆகும்.

இன்னொன்று, வளைக்கக்கூடிய இரண்டு தண்டுகள். எப்போதும் ஓரளவு விறைப்பாகவே இருக்கும். தேவையானபோது நிமிர்த்தி, மற்ற நேரத்தில் மடக்கி வைத்துக்கொள்ள வேண்டும். மும்பை ஆண்ட்ராலஜிஸ்ட் டாக்டர் ரூபின் ஷா வடிவமைத்த இந்த வகை இம்பிளான்ட் இந்தியாவிலேயே தயாராவதால், விலை மிகவும் குறைவு.

மனைவி கேட்ட கேள்வி

"பிடிக்கலைன்னா எடுத்துட்டு, பழையபடி ஆகிடலாமா டாக்டர்?"

"முடியாதும்மா. எடுத்துட்டாலும் இயற்கையான விறைப்பு திரும்பாது, மாத்திரையும் வேலை செய்யாது. அதனாலதான் இது கடைசிப் படி" என்ற டாக்டர், மற்ற விஷயங்களையும் மறைக்கவில்லை. இம்பிளான்ட் ஆசையைக் கூட்டாது, நீளத்தையும் கூட்டாது. தொடு உணர்வும் உச்சமும் பொதுவாக முன்புபோலவே இருக்கும். கிருமித்தொற்று அரிது, ஆனால், வந்தால் கருவியையே எடுக்க நேரலாம். பம்ப் வகை பல வருடங்கள் கழித்துப் பழுதானால், மறுபடியும் ஆபரேஷன்.

மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தில் கை வைக்க அவருக்கு மனமில்லை. "அப்படியே விட்டுடலாம்" என்றார். "விட வேணாங்க. குறைஞ்ச செலவுல இருக்கறதையே வச்சுக்கலாம். எனக்கு அது போதும்" என்றார் மனைவி.

மூன்று மாதங்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். அதன் பிறகே ஆபரேஷன். ஆறு வாரங்கள் பொறுத்திருக்கச் சொன்னார் டாக்டர். அந்த நாள்களில் வலி இருந்தது, வீக்கம் இருந்தது. மருந்து போட்டுவிட்டது மனைவிதான். இரண்டு வருடங்களாகப் பேசாததையெல்லாம் பேசித் தீர்த்ததும் அப்போதுதான்.

இந்தப் பிரச்னை உள்ள எல்லோருக்கும் ஆபரேஷன் தேவைப்படாது. பலருக்கு மாத்திரையே போதும். சிலருக்குச் சிகரெட்டை விடுவதும், சர்க்கரையையும் மனஅழுத்தத்தையும் கட்டுப்படுத்துவதுமே பலன் தரும். எது தேவை என்பதைச் சுவரொட்டி சொல்லாது, பரிசோதனைதான் சொல்லும்.

அடுத்த முறை சுகர் செக்கப்புக்குப் போகும்போது, டாக்டர் கேட்கட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள். மனைவியையும் கூடவே அழைத்துப் போங்கள்.