மறுபடியும் முதலிலிருந்து

இந்த லெந்து நாட்களில் மகனிடம் கத்துவதில்லை என்று தீர்மானம் எடுத்திருந்தேன். நாலாம் நாளே, அவன் கணக்கு நோட்டைப் பார்த்ததும் கத்திவிட்டேன். பையன் அழுதுகொண்டே தூங்கிப்போனான். எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கள் கார்டன் ரீச்சை ஒட்டி ஓடும் இதே ஹூக்ளிக் கரையில், வடக்கே செராம்பூரில் வாழ்ந்தவர் வில்லியம் கேரி. 1812 மார்ச்சில் அங்கே அச்சகம் தீப்பிடித்து, அவருடைய பல வருட மொழிபெயர்ப்புக் கையெழுத்துப் பிரதிகள் சாம்பலாயின. மனிதர் மறுபடியும் முதலிலிருந்து எழுத உட்கார்ந்தார்.

வங்கியிலும் அப்படித்தானே? கேஷ் டேலி ஆகாவிட்டால் திரும்ப எண்ணித்தான் ஆகவேண்டும். இச்சையடக்கம் என்றால் தவறாமலே இருப்பது என்று நினைத்திருந்தேன். தவறியபின் திரும்பத் தொடங்குவதும் அதுதான் போலிருக்கிறது.

காலையில் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரிப்பா, இன்னைக்கு நீங்களே கணக்கு சொல்லித் தர்றீங்களா?" என்றான்.

காலண்டரில் ஐந்தாம் நாள். எனக்கு முதல் நாள்.