கடைசல் சட்டி

நாலு வருடமாக ஒரு காயின் மேல் பழி போட்டு வந்திருக்கிறேன். அரசாணிக்காய். எங்கள் ஈரோட்டுப் பக்கம் அப்படித்தான் பெயர். மற்ற ஊர்களில் பரங்கிக்காய், மஞ்சள் பூசணி. பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். கப்பலேறி வந்த கதையைப் பரங்கி என்ற பெயரே சொல்லிவிடும். எங்கிருந்து வந்தால் என்ன, ராகிக்களிக்கு அதைக் கடைந்து தொட்டுக்கொண்டால் வேறு குழம்பு தேவைப்படாது.

அம்மாவின் கைப்பக்குவம் இது. அரைக் கிலோ காய், ஒரு கை சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் நாலு, பூண்டு, சீரகம், மஞ்சள்தூள். தண்ணீர் என்று பார்த்தால் கையால் தெளிக்கிற அளவுதான். மூடி போட்டுச் சிறுதீயில் வேகவிட்டு, பிறகு மூடியை எடுத்து, காய் விட்ட நீர் சுண்டும்வரை அடுப்படியிலேயே நிற்பார். உப்பு கடைசியில்தான். அப்புறம் மத்து. கடைசல் சட்டி உட்புறம் வரிவரியாகக் கீறிய மண்சட்டி. மத்துக்கும் அந்த வரிகளுக்கும் நடுவில் சிக்கி வெங்காயம் நசுங்கும். காய் மசிந்தும் மசியாமலும் நிற்கும். மேலே கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினால் முடிந்தது.

அம்மா என்னோடு வந்து தங்கியபின் சமையல் என் கைக்கு வந்தது. நான் குக்கரில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி மூன்று விசில் விட்டேன். 100 கிராம் அரசாணிக்காயில் 90 கிராமுக்கு மேல் தண்ணீர்தான் என்று படித்துத் தெரிந்துவைத்திருந்த அதே ஆள்தான் ஊற்றினேன். திறந்தால் ரசம் மாதிரி கிடந்தது. சுண்டவிடப் பொறுமை இல்லை. மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு, அரிசி மாவைக் கரைத்து ஊற்றிக் கெட்டியாக்கினேன். குழந்தைக்கு ஊட்டுகிற கூழ் தோற்றது. வெங்காயம் அரைபட்டுக் காரல் வேறு.

அம்மா ஒரு வாய் தொட்டுக்கொண்டு, மீதியைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார். “போதுங் கண்ணு, பசியில்ல.”

நான் உடனே பேச ஆரம்பித்தேன். எல்லாம் ஒட்டுவிதை, உரம் போட்டு ஊதவைத்த காய், அந்தக் காலத்து ருசி இனி எங்கே வரப்போகிறது என்றெல்லாம். அம்மா தலையை ஆட்டினார். அவர் காடு வைத்துப் பயிர் செய்தவர்.

இன்னொரு நாள் கேட்டார்: “நம்ம கடைசல் சட்டி எங்க கண்ணு?”

“வீடு மாத்தறப்ப உடஞ்சு போச்சும்மா.”

உடையவில்லை. பால்கனியில் வைக்கத் தொட்டி கிடைக்காத ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதன் அடியில் நான்தான் ஆணி வைத்துத் தட்டி ஓட்டை போட்டேன். ஒரு சில்லுகூடத் தெறிக்காமல் ஓட்டை விழுந்ததில் பெருமை வேறு. மண் நிரப்பிக் கற்பூரவல்லி நட்டேன். மிக்ஸி இருக்கிற வீட்டில் மண்சட்டி எதற்கு என்று அன்றைக்குத் தோன்றியது.

போன மாதம் சந்தையில் புதுச்சட்டி ஒன்று வாங்கினேன். இரண்டு நாள் அரிசி களைந்த தண்ணீர் ஊற்றி வைத்துப் பழக்கினேன். சிறுதீயில் காயை வைத்து, செல்போனை வேறு அறையில் போட்டுவிட்டு, நீர் சுண்டுகிறவரை நின்றேன். மொத்தமே அரைமணி நேரம். அந்த அரைமணி நேரத்துக்குத்தான் நாலு வருடம் காய்மேல் குற்றம் சொல்லியிருக்கிறேன். காய் நான் எப்போதும் வாங்கும் அதே கடையில் வாங்கியதுதான்.

அம்மா களியை உருட்டித் தொட்டார். இரண்டாம் முறை தட்டை நீட்டினார். “சட்டி புதுசா கண்ணு?”

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. “ஆமாம்மா, பழசுதான் உடஞ்சு போச்சே” என்றேன்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிய சொம்போடு பால்கனிக்குப் போனார். கற்பூரவல்லிக்குத் தண்ணீர் ஊற்றுவது இங்கே வந்த நாள்முதல் அவர் வேலை. மண் இறங்கிப்போன சட்டியின் விளிம்புக்குக் கீழே நாலு விரற்கடைக்கு அந்த வரிகள் தெரியும். நனைந்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.