அணியில் ஓர் இடம்

“நீ சொன்னாக் கேட்பான்டா தம்பி. தாய்மாமன் நீ சொல்லாம வேற யாரு சொல்றது?”

அக்கா தொலைபேசியில் இப்படிச் சொன்னபோது நேரம் நள்ளிரவைத் தாண்டியிருந்தது. வானொலியில் என் நிகழ்ச்சியை முடித்துவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தேன். அந்த நேரத்தில் அக்கா அழைத்தால் ஒன்று வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை, அல்லது மகனைப் பற்றிய கவலை. இது இரண்டாவது.

மருமகனுக்குப் பதினேழு வயது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறான். எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லாத உயரம். ஒரு கூடைப்பந்து மன்றம் இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கிறதாம். தேர்வானால் வாரத்தில் ஐந்து நாள் பயிற்சி. “படிப்பை ஒரு வருஷம் தள்ளி வைக்கட்டுமா?” என்று அம்மாவிடமே கேட்டுவிட்டான். அக்காவுக்கு அன்று முழுவதும் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை அவனைத் தேக்கா நிலையத்துக்கு அழைத்துப் போனேன். வயிறு நிறைந்த பிறகு பேசலாம் என்பது என் திட்டம். அவன் மூன்று முட்டைப் பரோட்டாவை முடிக்கும் வரை காத்திருந்தேன். மனத்துக்குள் நேயர்களிடம் பேசுவதுபோல ஒத்திகை பார்த்துக்கொண்டேன்.

கூடைப்பந்து எனக்கும் புதிதல்ல. சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ் அணி 2006ல் தொடங்கியபோது நான் மாணவன். ஆஸ்திரேலிய லீக்கில் இரண்டு பருவம் ஆடிய அணி, 2009ல் தொடங்கிய ஆசியான் கூடைப்பந்து லீக்கில் சேர்ந்தது. பயிற்றுவிப்பாளர் நியோ பெங் சியாங். வாங் வெய் லோங், டெஸ்மண்ட் ஓ, டெல்வின் கோ போன்ற உள்ளூர்ப் பையன்கள் ஆடினார்கள். 2013ல் மியன்மாரில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுகளில் சிங்கப்பூர் ஆண்கள் அணி வெண்கலம் வென்றது. 1979க்குப் பிறகு அதுதான் முதல் பதக்கம். 2015ல் சொந்த மண்ணில் மறுபடியும் வெண்கலம்.

ஆனால் தங்கள் லீக்கில் கிண்ணம் மட்டும் கைக்கு எட்டவில்லை. 2016 இறுதிச் சுற்றில் மலேசிய அணியிடம் தோல்வி. 2017ல் ஹாங்காங் அணியிடம். 2019ல் இந்தோனீசிய அணியிடம். அந்த 2019 இறுதிச் சுற்று ஐந்தாவது ஆட்டம் வரை போனது. காலாங்கில் உள்ள ஓசிபிசி அரங்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இதே மருமகன், அப்போது அவன் சின்னப் பையன். ஆட்டம் முடிந்து எதிரணியினர் துள்ளிக் குதித்தபோது, நம் ஆட்டக்காரர்கள் இடுப்பில் கை வைத்தபடி கூரையைப் பார்த்து நின்றார்கள். “அடுத்த வருஷம் ஜெயிப்பாங்கதானே மாமா?” என்று கேட்டான். ஜெயிப்பார்கள் என்றேன். அடுத்த பருவம் 2020ல் கொரோனாவால் பாதியிலேயே நின்றுபோனது.

இதையெல்லாம் சொல்லித்தான் ஆரம்பித்தேன்.

“மூணு தடவை இறுதிச் சுற்று. அவங்கள்ல யாரையாவது எம்ஆர்டியில பார்த்தா நம்ம ஆளுங்களுக்கு அடையாளம் தெரியுமா? லீக்கில முக்கியமான நேரத்தில பந்து பெரும்பாலும் யார் கைக்குப் போகும்? அமெரிக்காவிலிருந்து வந்தவங்க கைக்கு. உள்ளூர்ப் பையன் வாய்ப்புக்காகக் காத்திருக்கணும். உனக்கு முன்னால தேசிய சேவை வேற இருக்கு. ரெண்டு வருஷம்.”

அவன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான். நான் அடுத்த அம்பை எடுத்தேன்.

“என்பிஏவில முப்பது அணி. அணிக்குப் பதினைந்து பேர்னு வெச்சாலும் உலகம் முழுக்க நானூற்றைம்பது இடம்தான். பஞ்சாபிலிருந்து போன சத்னம் சிங்கை 2015ல டாலஸ் அணி தேர்ந்தெடுத்துச்சு. இந்தியாவில பிறந்து அப்படித் தேர்வான முதல் ஆள். ஆனா என்பிஏவில ஓர் ஆட்டம்கூட ஆடல. கடைசியில மல்யுத்தப் பொழுதுபோக்குக்குப் போயிட்டார். அதே வருஷம் சிம் புல்லர், கனடாவில வளர்ந்த பஞ்சாபிப் பையன், ஏழடிக்கு மேல உயரம். என்பிஏவில ஆடிய முதல் இந்திய வம்சாவளி. எத்தனை ஆட்டம் தெரியுமா? மூணே மூணு.”

“மூணு ஆட்டமாவது ஆடினாரே மாமா” என்றான்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. ஒலிபெருக்கி முன்னால் மூன்று விநாடி மௌனம் வந்தாலே பதறிப்போகிற தொழில் என்னுடையது. அங்கே அதைவிட நீளமாகவே மௌனமாக இருந்தேன்.

“நான் ஸ்டார் ஆகணும்னு சொல்லவே இல்லையே. அம்மாதான் அப்படி நினைக்கிறாங்க. எனக்கு ஆடணும். பெஞ்சில உட்கார்ந்தாலும் டீம்லதானே இருக்கேன்?” சற்று நிறுத்திவிட்டுக் கேட்டான்: “நீங்க ஏன் மாமா ரேடியோவை விடல?”

அவனுக்கு அந்தக் கதை தெரியும். குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். ஊடகப் படிப்பை முடித்த கையோடு ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குத் தொகுப்பாளர் தேர்வுக்குப் போனேன். கடைசி மூவரில் ஒருவனாக வந்தேன். அம்மா கோவிலில் அர்ச்சனைக்கே கொடுத்துவிட்டார். வாய்ப்பு வேறொருவருக்குப் போனது. அடுத்த ஆண்டும் முயன்றேன், அதற்கடுத்த ஆண்டும். பிறகு முயலவில்லை. வானொலியில் இரவு நேரம் கிடைத்தது. பத்து ஆண்டுகளுக்கு மேலாக அங்கேதான் இருக்கிறேன்.

அவனுக்குச் சொல்ல நினைத்த எச்சரிக்கையில் பாதி எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்த ஆறுதல் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆசைப்படாமல் இருந்தால் அடிபடாமல் இருக்கலாம். இதைத்தான் கூடைப்பந்துக் கணக்கோடு கலந்து அவனுக்கு ஊட்டப் பார்த்தேன்.

வெளியே வந்து கேம்பல் லேன் பக்கம் நடந்தோம். பூக்கடையில் அக்காவுக்கு இரண்டு முழம் மல்லிகை கேட்டேன். மாலை கட்டிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். “ராத்திரி ரேடியோவில பேசுற தம்பிதானே? முகம் தெரியாது, குரல் தெரியும். நீங்க பேசுறப்பத்தான் நாளைக்கு உள்ள மாலையைக் கட்டுவேன்” என்றார். காசு வாங்க மறுத்தார். கட்டாயப்படுத்திக் கொடுத்தேன். மருமகன் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தான். அந்தச் சிரிப்பு போதுமாக இருந்தது.

ஒருமுறை நிகழ்ச்சியில் ஒரு கேள்வி கேட்டேன். கூடைப்பந்துக்காக 2021ல் பத்மஸ்ரீ பெற்ற சென்னைப் பெண் யார்? அழைத்த நேயர்கள் பலரும் கிரிக்கெட், செஸ், டென்னிஸ் என்று யார் யாரையோ சொன்னார்கள். அனிதா பால்துரை என்று ஒருவரும் சொல்லவில்லை. பதினெட்டு ஆண்டுகள் இந்திய அணிக்கு ஆடியவர். பத்தொன்பது வயதில் அணித் தலைவி. தென்னக ரயில்வேயில் வேலை பார்த்தபடியே ஆடியவர். குழந்தை பிறந்த பிறகு 2017ல் மறுபடியும் இந்தியச் சட்டை போட்டவர். பெயர் தெரியாததால் அவர் போட்ட பந்துகள் வளையத்துக்குள் விழாமல் போய்விடவில்லை.

அனிதாவிடமிருந்து இன்னொன்றையும் எடுத்துக்கொண்டேன். அது அந்த ரயில்வே வேலை. மருமகனிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்.

“தேர்வுக்குப் போ. ஆனா படிப்பை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. காலையில கல்லூரி, சாயங்காலம் பயிற்சி. முழங்கால் ஒருநாள் கைவிட்டாலும் உன்கிட்ட வேற ஏதாவது இருக்கணும். முடியுமா?”

யோசித்தான். “தூக்கம் கெடும்.”

“என்கிட்டயா சொல்ற?” என்றேன்.

தலையாட்டினான்.

அன்று மாலை அக்காவிடம் மல்லிகையைக் கொடுத்துவிட்டு உண்மையைச் சொன்னேன். “நீ சொல்லச் சொன்னதை நான் சொல்லலக்கா.” படிப்பு நிற்காது என்று எவ்வளவோ விளக்கினேன். இரண்டு வாரம் அவள் என்னை அழைக்கவில்லை.

முடிவு வந்தது. பன்னிரண்டு பேர் கொண்ட அணியில் அவன் பெயர் இல்லை. அணியோடு சேர்ந்து பயிற்சி செய்யும் நால்வரில் ஒருவன். ஆட்டத்தன்று சீருடை கிடையாது, யாருக்காவது அடிபட்டால் கூப்பிடுவார்கள். சொல்லும்போது அவன் குரல் ஒருமுறை தடுமாறியது. சமாளித்துக்கொண்டு, “திங்கக்கிழமை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க மாமா” என்றான். நான் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. கடைசி மூவரில் வந்தவனுக்கு அதன் வலி தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொரு மணிக்கு அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. பின்னால் ஒரே இரைச்சல்.

“முஸ்தபாவில நிக்கிறேன்டா. கணுக்காலுக்குப் போடுற பட்டை வாங்கணுமாம். இதுல நாலு அளவு இருக்கு. அவன் காலுக்கு எது சரியா இருக்கும்?”