சருகுக்கடியில் பத்து மாதம்

சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் மேற்குப் பாதி ஒரு காலத்தில் வெறும் மணல். பசிபிக் கடற்காற்று காலங்காலமாய் வாரி இறைத்த மணல், கரையில் தொடங்கி நகரின் நடுவே இருக்கும் குன்றுகள்மேல்வரை ஏறிக் கிடந்தது. அன்றைய ஆட்களுக்கு அது ஊருக்குப் புறத்தே கிடந்த நிலம். 1930களிலும் 40களிலும் ஹென்றி டோல்ஜர் போன்ற கட்டுமானக்காரர்கள் மேடுகளைச் சமன்செய்து, சுவரோடு சுவர் ஒட்டி வரிசை வரிசையாக வீடுகள் எழுப்பினார்கள். சன்செட் என்ற அந்தப் பகுதியில் இன்று நடந்துபோகிறவருக்குக் காலடியில் மணல் இருப்பதே தெரியாது.

என் மகள் குடும்பம் அங்கேதான் வாடகைக்கு இருக்கிறது. நான் நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவன். புது ஊருக்குப் போனால் கட்டடங்களைவிட, கட்டடங்களுக்கு நடுவே விட்டுப்போன துண்டுகள்தான் முதலில் கண்ணில் படும். சன்செட் தெருக்கள் நூல் பிடித்தாற்போலக் கட்டம் கட்டமாக ஓடுகின்றன. பதினான்காவது அவென்யூ பக்கம் குன்று ஏறும் இடத்தில் அந்தக் கட்டம் தடுமாறுகிறது. தெரு படிக்கட்டாக மாறுகிறது. வீடு நிற்க முடியாத சரிவில் பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் பழைய செர்ட் பாறை துருத்திக்கொண்டு நிற்கிறது. பாறைமேல் பழைய மணலில் கொஞ்சம் இன்னும் ஒட்டியிருக்கிறது. கிராண்ட்வியூ பூங்கா, ராக்கி அவுட்கிராப், ஹாக் ஹில் என்று பெயர் வைத்து மிச்சம் விட்ட துண்டுகள் இவை. காலை நடைக்கு நான் அந்தப் பக்கம் போனது துண்டுகளைப் பார்க்கத்தான்.

ராக்கி அவுட்கிராப்பில் ஒரு மார்ச் மாதக் காலை, வெயில் நன்றாக ஏறியிருந்தது. களை பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, என் காலுக்கு முன்னால் இருந்த குட்டைச்செடியைக் கைகாட்டி நிற்கச் சொன்னார். பார்த்தேன்; இலைதான் தெரிந்தது. இன்னும் குனிந்து பார்க்கச் சொன்னார். இலைகளில் ஒன்று மீசையை அசைத்தது.

கோஸ்டல் கிரீன் ஹேர்ஸ்ட்ரீக் என்ற பட்டாம்பூச்சி. அறிவியல் பெயர் கலோஃப்ரிஸ் விரிடிஸ். சிறகை மூடி உட்கார்ந்தால் ஒரு ரூபாய் நாணயத்தால் மறைத்துவிடலாம். லேசாக நீலம் ஓடிய பச்சை. அதன் குறுக்கே வெள்ளைப் புள்ளிகளால் உடைந்து உடைந்து போகும் ஒரு கோடு. நம்மூர்த் தரையில் நெருஞ்சியைச் சுற்றி, முழங்கால் உயரத்துக்கு மேல் ஏறாமல் பறக்கும் சின்னஞ்சிறு நீலப் பூச்சிகளின் குடும்பந்தான் இதுவும். பச்சை இருப்பது சிறகின் அடிப்பக்கத்தில் மட்டும். மேல்பக்கம் சாம்பல் கலந்த பழுப்பு. உட்காரும்போது சிறகை விரிப்பதே இல்லை. ஆகவே பறக்கையில் ஏதோ பழுப்பாகத் துடிக்கிறது. உட்கார்ந்ததும் காணாமல் போகிறது. துரத்திப் போகும் குருவி தேடுவது பழுப்பு நிறத்தை. எதிரே இருப்பதோ பச்சை இலை.

ஆணுக்கு வேலை காவல் காப்பது. வெயில் படும் ஒரு செடி நுனியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தன் எல்லைக்குள் எது பறந்தாலும் எழுந்து மோதப் போகும். பெண்ணாக இருந்தால் பின்தொடரும், இல்லையென்றால் விரட்டிவிட்டுத் திரும்பும். கல் நட்டு எல்லை காட்டுவதற்கே படாத பாடு பட்டவன் நான். கல்லே இல்லாமல் இது எல்லையைக் காத்துக்கொண்டிருந்தது.

அந்தப் பச்சை எங்கிருந்து வருகிறது என்று பேத்திக்குச் சொல்வதற்காகப் படிக்கப் போய், நான் அசந்துபோனேன். சாயம் என்று அதில் எதுவும் இல்லை. சிறகைப் போர்த்தியிருக்கும் நுண்ணிய செதில்களை உடைத்துப் பார்த்தால் உள்ளே இருப்பது கைட்டின் என்ற நிறமற்ற பொருளும் காற்றும்தான். கைட்டின், கைராய்டு எனப்படும் வடிவத்தில் முறுக்கி முறுக்கி மூன்று திசைகளிலும் வளர்ந்திருக்கிறது. கைராய்டுப் பரப்பில் ஒரு நேர்கோடுகூடக் கிடையாது. 1970இல் நாசாவின் ஆலன் ஷேன் அதைக் கணிதமாக விவரித்து உலகுக்குச் சொன்னார். இந்தப் பூச்சியின் பேரினத்தைச் சேர்ந்த ஒன்று உட்பட ஐந்து வகைப் பட்டாம்பூச்சிகளின் செதில்களை எக்ஸ் கதிர் கொண்டு ஆராய்ந்து, உள்ளே இருப்பது கைராய்டுதான் என்று 2010இல் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வினோத்குமார் சாரநாதனும் கூட்டாளிகளும் காட்டினார்கள்.

முறுக்கல்களின் இடைவெளி ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவுக்குப் பொடி. வெள்ளை வெளிச்சம் உள்ளே நுழைந்தால் பச்சை மட்டும் திருப்பி அனுப்பப்படுகிறது. ஒவ்வொரு செதிலிலும் இந்தப் படிகம் சிறு சிறு துணுக்குகளாக வெவ்வேறு பக்கம் பார்த்து நிற்பதால், மயிலிறகைப்போல மினுக்கிக் காட்டிக்கொடுக்காமல் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் இலை மாதிரியே தெரிகிறது. செதிலுக்குள் இருக்கும் காற்றிடத்தில் ஏதாவது திரவம் புகுந்தால் நிறம் மாறிவிடும். உலர்ந்து காற்று திரும்பினால் பச்சையும் திரும்பும். நிறத்தில் பாதி வேலை வெற்றிடத்துடையது.

இந்தக் கட்டுமானம் நடப்பது கூட்டுப்புழுப் பருவத்தில். செதிலாகப் போகிற செல்லின் உட்சவ்வுகள் மடிந்து மடிந்து அச்சு போலாகின்றன. கைட்டின் அதில் படிகிறது. வேலை முடிந்ததும் செல் செத்துவிடுகிறது. அச்சு போய், வார்ப்பு மட்டும் நிற்கிறது. 

வாழ்க்கையையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். அந்த ஊரில் மழை நவம்பரில் பிடித்து மார்ச்வாக்கில் ஓயும். கோடையில் சொட்டு மழை கிடையாது, மூடுபனிதான். மழை முடிந்து செடிகள் துளிர்த்திருக்கும் வசந்தத்தில், பனி விலகி வெயில் அடிக்கும் நாட்களில் பட்டாம்பூச்சி வெளியே வருகிறது. பெண் முட்டையிடுவது பெரும்பாலும் கோஸ்ட் பக்வீட் என்ற குட்டைச்செடியில், இல்லையென்றால் டீர்வீட்டில். பக்வீட், நம் வேலிகளில் ரோஜா நிறத்தில் படரும் கொடிரோஜாவுக்கு உறவு. டீர்வீட் அவரைக் குடும்பம். இரண்டுமே மணலிலும் பாறையிடுக்கிலும் காற்றடிக்கும் சரிவிலும் வளர்கிறவை. முட்டையிலிருந்து வரும் பச்சைப் புழு துளிரைத் தின்று வளரும். அது கொழுத்ததும் செடியடியில் இறங்கி, உதிர்ந்த சருகுக்குள் கூட்டுப்புழுவாகிவிடும். பிறகு கோடை, இலையுதிர்காலம், மழைக்காலம் எல்லாம் சருகுக்கடியில்தான். அடுத்த மார்ச்சில்தான் சிறகு. ஆண்டுக்கு ஒரே தலைமுறை.

ஆக, பட்டாம்பூச்சி என்று நாம் சொல்லும் அந்தப் பறக்கும் உருவம் ஆண்டில் சில வாரம். மிச்சக் காலத்தில் அது ஒரு முட்டை, ஒரு புழு, எல்லாவற்றையும்விட நீண்ட காலம் சருகோடு சருகாகக் கிடக்கும் ஒரு பழுப்பு உருண்டை. 

இதைத் தெரிந்துகொண்ட பிறகு கோல்டன் கேட் பூங்காவை நான் பார்த்த விதம் மாறியது. மகள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஆயிரம் ஏக்கருக்குக் கொஞ்சம் அதிகமாக விரிந்து கிடக்கும் அழகு அது. மரங்கள், குளங்கள், புல்வெளி, ரோஜாத் தோட்டம். 1870களில் வில்லியம் ஹேமண்ட் ஹால் மணல்மேட்டை அடக்கித் தொடங்கினார். பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் ஜான் மெக்லாரன் கட்டிக்காத்தார். மணலில் காடு வளர்த்த சாதனை என்று கொண்டாடுகிறார்கள். சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பசுமை பெரும்பாலும் இந்தச் சின்னப் பச்சைக்குப் பயன்படாத நிலம். பக்வீட் இல்லாத இடத்தில் ரோஜா ஆயிரம் பூத்தாலும் அதற்குப் பாலைதான். எந்த மணலைப் பாழ் என்று நினைத்து மூடினார்களோ, அதுதான் அதன் ஊர்.

மணலோடு போனவை வேறும் உண்டு. அங்கே திரிந்த ஸ்தெனலி சேட்டர் என்ற பழுப்புப் பட்டாம்பூச்சி 1880வாக்கிலேயே இல்லாமல் போயிற்று. செர்செஸ் புளூ என்ற நீலப்பூச்சி டீர்வீட்டையும் லூபினையும் நம்பி இதே மணல்மேடுகளில் வாழ்ந்தது. 1940களின் தொடக்கத்தில் பிரெசிடியோ ராணுவ நிலத்தில் கடைசியாகக் காணப்பட்டது. மனிதரின் நகர விரிவாக்கத்தால் அமெரிக்காவில் அழிந்ததாக அறியப்பட்ட முதல் பட்டாம்பூச்சிகளில் ஒன்று அது என்கிறார்கள். 1971இல் ராபர்ட் மைக்கேல் பைல் தொடங்கிய பூச்சிப் பாதுகாப்புச் சங்கம் அதன் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. 2024 ஏப்ரலில் செர்செஸ் புளூ விட்டுப்போன இடத்தை நிரப்ப, அதன் நெருங்கிய உறவான சில்வரி புளூவை மான்டரே பகுதியிலிருந்து கொண்டுவந்து பிரெசிடியோ மணலில் விட்டார்கள். இறந்தவருக்குப் பதில் ஆள் தேடுகிற நிலைமை. பச்சைப்பூச்சிக்கு அந்த நிலைமை வராமல் போனதற்கு முதல் காரணம், குன்றுச்சரிவில் வீடு கட்ட முடியவில்லை என்பதுதான்.

பிழைத்தது துண்டு துண்டாகத்தான். 2006இல் லியாம் ஓ'பிரையன் என்ற பட்டாம்பூச்சி ஆர்வலர் இந்தக் குன்றுகளில் இது தனித்தனித் தீவுகளாக மாட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்தார். ராக்கி அவுட்கிராப்பில் ஒரு கூட்டம், ஹாக் ஹில்லில் ஒரு கூட்டம். நடுவில் சில தெருக்கள். நமக்கு அது பத்து நிமிட நடை. பிறந்த செடியை விட்டு அதிகம் விலகாத பூச்சிக்கோ, அது வேறு நாடு. ஒரு கோடையில் ஒரு துண்டில் ஏதாவது கெடுதல் நேர்ந்தால், இன்னொரு துண்டிலிருந்து வந்து நிரப்ப ஆள் இருக்காது. உள்ளுக்குள்ளேயே இணைந்து இணைந்து வலுவும் குறையும்.

நேச்சர் இன் தி சிட்டி என்ற அமைப்பு எடுத்துக்கொண்ட வழி எனக்குப் பிடித்தது. பெரிய நிலம் எதையும் அவர்கள் கையகப்படுத்தவில்லை. இரண்டு குன்றுகளுக்கும் நடுவே உள்ள நடைபாதை ஓரம், படிக்கட்டுச் சரிவு, தெரு முக்கில் மீந்த முக்கோணம், யாரோ ஒருவர் வீட்டு முன்வாசல் என்று துண்டு துண்டாகக் கேட்டுவாங்கி, பக்வீட்டும் டீர்வீட்டும் நட்டார்கள். பூச்சி ஒரே மூச்சில் கடக்க முடியாத தூரத்தை ஒவ்வொரு செடியாகத் தாவிக் கடக்கும்படி ஒரு பாதை. நான் பார்த்த எந்தப் புலப்படத்திலும் அப்படி ஒரு பாதை கிடையாது.

களை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்மணி அந்தப் பாதையின் தொண்டர்களில் ஒருவர். செடி நடுவது சுலபம், நட்ட செடியைச் சுத்தக்காரர்களிடமிருந்து காப்பதுதான் பெரும்பாடு என்றார். கோடை முற்றினால் பக்வீட்டின் வெள்ளைப் பூங்கொத்துகள் துருப்பிடித்த நிறமாகிவிடும். அடியில் சருகு சேரும். பார்க்கிறவருக்கு அது பராமரிப்பில்லாத மூலை. நல்லெண்ணத்தோடு யாராவது வந்து வெட்டி, கூட்டி, சருகை மூட்டை கட்டிவிடுவார்கள். அடுத்த ஆண்டுப் பட்டாம்பூச்சிகள் குப்பை லாரியில் போய்விடும்.

வீட்டுக்கு வந்ததும் இதை மகளிடம் சொன்னேன். பின்கட்டில் கொஞ்சம் மணல்தரை உண்டு. வாரம் ஒருமுறை இலை ஊதும் மோட்டாரோடு ஆள் வந்து துடைத்துவிட்டுப் போவார்.

"அப்பா, வீட்டுக்காரர் குப்பையா வச்சிருக்கோம்னு சொல்லப் போறார்" என்றாள்.

"ஒரு மூலைதான் கேக்கறேம்மா. மூணடிக்கு மூணடி."

"அளவு போட்டாச்சா அதுக்குள்ள?"

பேத்தி குச்சிகள் நட்டுக் கயிறு கட்டினாள். மூன்று பக்வீட் கன்றுகள் கிடைத்தன. ஊதுகிற ஆளிடம் கயிற்றுக்குள் வர வேண்டாம் என்று சொன்னபோது, ஒரு வேலை குறைந்தது என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். எங்கள் வீடு ஹாக் ஹில்லிலிருந்து கொஞ்சம் தள்ளித்தான் இருக்கிறது. பூச்சி வந்துசேர வேண்டுமானால் நடுவில் இன்னும் நாலைந்து வீட்டார் மனசு வைக்க வேண்டும். பேத்தி பக்கத்து வீட்டுப் பையனிடம் பேச்சைத் தொடங்கிவிட்டாள்.

எங்கள் ஊர் நில ஆவணமான 'அ' பதிவேட்டில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் நேராக ஒரு வகைப்பாடு உண்டு. நன்செய், புன்செய், தரிசு, புறம்போக்கு. விளைச்சல் எதுவும் கண்ணில் படாத நிலம் பெரும்பாலும் தரிசு என்றே பதிவாகும். அந்த வகைப்பாடு வரி வசூலுக்காக வந்தது. அதற்கு அது போதும். பிற்பாடு அதே சொல்லை வைத்துத்தான் எதை நிரப்பலாம், எங்கே மரம் நடலாம், எதை எடுத்து எவருக்குக் கொடுக்கலாம் என்று தீர்மானித்தோம். ராக்கி அவுட்கிராப்பை ஒருவர் அக்டோபரில் ஆய்வு செய்தால், பட்டாம்பூச்சி பூச்சியம் என்று நேர்மையாகவே எழுதுவார். அவர் மிதித்துக்கொண்டு நிற்கும் சருகுக்கடியில் அந்தக் குன்றின் கூட்டம் மொத்தமும் படுத்திருக்கும்.

ஒரு நிலத்தில் எதுவுமில்லை என்று யாராவது அறிக்கை கொடுத்தால், எந்த மாதத்தில் போனீர்கள், குனிந்து பார்த்தீர்களா என்று இரண்டு கேள்விகளையாவது கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். ஆய்வுப் படிவத்தில் அதற்கென ஒரு பத்தி சேர்ப்பது பெரிய செலவில்லை. ஓய்வு பெற்றவன் சொல்லி யார் கேட்கப் போகிறார்கள் என்றாலும், பழைய அலுவலக நண்பர்களுக்கு இதை எழுதிப் போட்டிருக்கிறேன்.